போதிய வருகையின்மை

ஆணையகத்தின் மூன்றாவது மாடியில் அவளை ஏணியம்மா என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் இயக்குநர், அவருக்கு அந்தப் பட்டப்பெயர் தெரியாது. மற்றவர் லிஃப்ட் இயக்குகிறவர். லிஃப்ட் எட்டு வருஷமாக ஓடவில்லை, அதனால் அவர் கீழ்த்தளத்தை விட்டு மேலே வந்ததே இல்லை. ஆணையகத்தின் சொந்த அறிக்கையில் அந்த லிஃப்ட் 'பயன்பாட்டில் உள்ளது' என்றுதான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆணையகத்துக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். பொதுச் சேவைகள் எப்படி நடக்கின்றன, பொருளாதார மேம்பாட்டுத் திட்டங்கள் எந்த மட்டில் இருக்கின்றன என்று வருஷத்துக்கு ஒருமுறை சட்டசபைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். சாலை, தண்ணீர்த் தொட்டி, பஸ் தடம், தொழிற்பயிற்சிக் கூடம், மருத்துவ நிலையம் எல்லாம் அதில் தனித்தனி இனமாக வரும். முந்நூற்று நாற்பது பக்கம், நீல அட்டை. முதல் பக்கத்தில் அமைச்சரின் முன்னுரை. இரண்டாம் பக்கத்தில் இயக்குநரின் கையெழுத்து. மூன்றாம் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் ஏணியம்மா. ஆனால் அவள் பெயர் அதில் எங்கும் இருக்காது. அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை.

இருபத்திரண்டு வயதில் தட்டச்சு வேலைக்கு வந்தவள். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வீட்டில் பதினோரு வயதுத் தங்கை ஒருத்தி. சம்பளக் கவர் கைக்கு வந்த அன்றைக்கே அவளுக்கு ஒரு குடை வாங்கிக்கொடுத்தாள். அந்தக் குடைக்குப் பிறகு வீட்டில் எது குறைந்தாலும் தங்கைக்குக் குறையவில்லை. கணவர் என்று ஒருவரும் இடையில் இருந்தார், பதினோரு மாதம். யாராவது அவரைப் பற்றிக் கேட்டால், "அந்த இனத்துக்கு அறிக்கை தேவையில்லை" என்று சொல்லிவிட்டுக் கோப்புக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

ஏணி வந்த கதை இதுதான். அறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பு அவள் கைக்கு வந்த முதல் வருஷம். இருநூற்றுச் சொச்சம் களப் பிரிவுகளுக்குப் படிவம் அனுப்பினால் திரும்பி வருவது பாதி. வராதவற்றுக்கு எதை எழுதுவது? முந்தின வருஷம் என்ன எழுதியிருந்ததோ அதையே எழுதினாள். வேறென்ன செய்வாள், பாவம். அறிக்கை சபைக்குப் போனது. ஒரு உறுப்பினர் எழுந்து, "மூன்று வருஷமாக இந்தப் பாலம் பரிசீலனையிலேயே இருக்கிறது. இந்த ஆணையகத்துக்குப் பேனா நகருமா, நகராதா?" என்று கேட்டார். சபையே சிரித்ததாம். அந்தச் சிரிப்பு மாடி மாடியாக இறங்கி வந்து கடைசியில் இவள் மேசையில் விழுந்தது. அன்றைய இயக்குநர் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் அறையிலிருந்தவர்கள் கூட வெளியே வந்து பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் அவள் ஒரு நாட்காட்டி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். அரசின் பரிசீலனையில் உள்ளது. பூர்வாங்கப் பணிகள் தொடங்கப்பட்டுள்ளன. பணிகள் விரைந்து நடைபெற்று வருகின்றன. பணிகள் நிறைவடையும் தறுவாயில் உள்ளன. மக்கள் பயன்பாட்டில் உள்ளது. எந்த இனத்துக்குக் களத்திலிருந்து பதில் வரவில்லையோ, அதை முந்தின வருஷத்திலிருந்து ஒரு படி மேலே ஏற்றுவாள். அவ்வளவுதான் வித்தை. பேனா நகர்ந்தது. சபையில் யாரும் அதன்பின் சிரிக்கவில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்று எழுதிக்கொடுத்தாள். கேட்டவர்கள் எவ்வளவு நெய் என்று மட்டும் கேட்டார்கள். அதற்கும் 'பயனடைந்தோர்' என்று ஒரு கட்டம் போட்டு, வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டி எழுதிக் கொடுத்தாள்.

பக்கத்து மேசைக் கணினிக்காரர்தான் அவளுக்கு ஏணியம்மா என்று பேர் வைத்தவர். "நம்ம நாட்டுல எந்த வேலையும் முடியறதுக்கு அஞ்சே வருஷம்தான். கல்லு வேணாம், மண்ணு வேணாம், ஏணியம்மா போதும்" என்பார். அவளும் சிரிப்பாள். உண்மையில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இருபது வருஷத்தில் ஆறு இயக்குநர்கள் வந்து போனார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் முதல் நாளே அந்த அலமாரியைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி போனவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறோம் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

தங்கையை ஏழாம் குடியிருப்பில் கட்டிக்கொடுத்திருந்தாள். கல் உடைக்கும் ஆலைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட இருநூறு வீடுகள். பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லாமல் நம்பர் போட்டு விட்டுவிட்ட ஊர். தங்கையின் புருஷன் ஆலையில் வேலை, நல்ல மனுஷன், வாய் நிறையச் சிரிப்பு. அங்கே ஒரு மருத்துவ நிலையம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது ஒன்பது வருஷத்துக்கு முன்பு. நில அளவைக்காரர்கள் வந்து, முச்சந்தியைத் தாண்டி ஒரு பொட்டலில் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். தங்கை அக்காவிடம் ஓடி வந்து, "அக்கா, உன் புத்தகத்துல இதையும் சேர்த்துவிடேன். நாலு பெரிய மனுஷங்க கண்ணுல படட்டும்" என்றாள்.

அக்கா சேர்த்துவிட்டாள். தன் கையால் ஒரு இனத்தை உள்ளே நுழைத்தது அவள் வேலைக்காலத்தில் அது ஒன்றுதான். பக்கம் இருநூற்றுப் பதினான்கு, ஏழாம் குடியிருப்பு மருத்துவ நிலையம், அரசின் பரிசீலனையில் உள்ளது. அச்சான பக்கத்தைத் தங்கைக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். தங்கை அதைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறை.

அடுத்த வருஷம் களத்திலிருந்து படிவம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. முதல் தடவை படி ஏற்றும்போது அவளுக்குக் கை கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முப்பது வருஷம் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எழுதிவிட்டால் என்றைக்காவது கட்டித்தானே ஆகவேண்டும்? 'நிறைவடையும் தறுவாயில்' என்று சபையில் வைத்த பிறகு வெறும் கல்லை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? யாருக்காவது வெட்கம் வராதா? இப்படி நினைக்கக்கூடியவர்கள் உலகத்தில் குமாஸ்தாக்கள் மட்டும்தான். ஐந்தாம் வருஷம் நிலையம் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. எட்டாம் வருஷம் அதில் சிகிச்சை பெற்றவர்கள் ஆறாயிரத்து இருநூற்றுப் பத்துப் பேர்.

அவள் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது, ஒரு மழை நாளில் தங்கை அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஒரு கையில் சொட்டுகிற குடை, மறு கையில் எக்ஸ்ரே கவர். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, ரேடியோவுல சொன்னாங்க கேட்டியா? மருத்துவ நிலையம் இல்லாத நாற்பது குடியிருப்புக்கு இந்த வருஷமே கட்டித் தரப்போறாங்களாம். டாக்டர், நர்ஸ், மூச்சு மிஷின் எல்லாம் வருதாம். நம்மது அதுல இருக்கும்ல?"

"உக்காருடி முதல்ல. உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"எங்க இருக்காரு, உக்காந்தே தூங்கறாரு. படுத்தா மூச்சு நிக்குது. ஆலைத் தூசி உள்ள கல்லாட்டம் படிஞ்சு போச்சாம். மாசத்துல நாலு தடவை ரெண்டு பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க அரை மணி நேரம் அந்த மிஷினை வெச்சா மனுஷன் தெளிஞ்சிடறாரு. திரும்பற பஸ்ல மறுபடியும் ஆரம்பிச்சுடும். போன தடவை நடுவழியிலேயே கண்ணு சொருகிடுச்சுக்கா. கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, குடையை மடித்தாள். "நம்ம ஊருலேயே அந்த மிஷின் வந்துட்டா அவரு பொழைச்சுக்குவாரு. டாக்டரே சொல்லிட்டாரு."

நாற்பது குடியிருப்புகளின் பட்டியல், அறிக்கையோடு ஒத்துப் பார்ப்பதற்காக முந்தின நாள்தான் ஆணையகத்துக்கு வந்திருந்தது. ஏணியம்மாவின் மேசையில், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்தது. அவள் அதை எடுத்தாள். ஆறாம் குடியிருப்பு இருந்தது. அடுத்து ஒன்பதாம் குடியிருப்பு. எப்படி இருக்கும் ஏழு? அங்கேதான் ஏற்கெனவே நாலு வருஷமாக நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறதே.

"இருக்கும்டி," என்றாள். "நான் பாக்கறேன். நீ மழை விட்டதும் கிளம்பு."

தங்கை போனதும் நீலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். இயக்குநர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், எழுந்து நின்று உட்காரச் சொல்கிற ரகம். கத்துகிற அதிகாரியை அவளால் சமாளிக்க முடியும். மரியாதை காட்டுகிறவரிடம்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"சார், இருநூற்றுப் பதினாலாம் பக்கம். ஏழாம் குடியிருப்பு. அந்த நிலையம் இல்ல சார்."

"இல்லன்னா? டாக்டர் இல்லையா?"

"நிலையமே இல்ல சார். கட்டவே இல்ல. ஒரு எல்லைக்கல்லு மட்டும் இருக்கு."

அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். விரலைக் கட்டத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போனார். "ஆறாயிரத்து இருநூத்திப் பத்துப் பேருக்குச் சிகிச்சைன்னு இருக்கே?"

"இருக்கு சார்."

"யாரு போட்டது?"

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்போ இல்லாத ஆஸ்பத்திரியில ஆறாயிரம் பேருக்கு வைத்தியம் பாத்திருக்கோம். வருஷா வருஷம் கூட்டம் வேற கூடிட்டே போகுது. இதை நான் சபையில எப்படிம்மா சொல்லுவேன்?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தப்பு நடந்துடுச்சு, நான்தான் எழுதினேன்னு நீங்க கைப்பட எழுதிக் குடுக்கறது. அதை வெச்சுத் திருத்தம்னு சபைக்கு அனுப்பலாம். பட்டியல்லயும் சேர்ந்துடும். ஆனா விசாரணை வரும். நீங்க ஓய்வு பெறப்போற நேரம்."

"ரெண்டாவது சார்?"

"கட்டவே இல்லைன்னு சொல்றதுதானே கஷ்டம்? மூடியாச்சுன்னு சொல்லலாமே. மூடினா, இல்லைன்னுதானே அர்த்தம்? அடுத்த பட்டியல்ல தானா வந்துடும். ஏன் மூடினோம்னு ஒரு காரணம் மட்டும் வேணும். அதை நீங்களே நல்லா எழுதுவீங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். "எதுக்கும் இதை வெச்சுக்குங்க. எந்த வழின்னு நாளைக்குச் சொல்லுங்க. நான் வற்புறுத்த மாட்டேன்."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணை என்றால் அலமாரியைத் திறப்பார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். ஏழாம் குடியிருப்பு ஒன்றா ஏறியது? எத்தனை பாலம், எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை தண்ணீர்த் தொட்டி! அவற்றுக்குப் பக்கத்திலும் யாருடைய தங்கையாவது குடியிருப்பாள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றி என்ன? முப்பத்தைந்து வருஷம் ஒரு சொல் கேட்காமல் வேலை பார்த்தவள், கடைசி ஏழு மாதத்தில் திருட்டுப்பட்டம் வாங்கிக்கொண்டு படியிறங்குவதா? கணினிக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? பயந்தாள். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. தங்கையின் புருஷனுடைய மூச்சை ஒரு தட்டிலும் தன் மானத்தை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்தாள், தன் தட்டு தாழ்ந்தது. ஸ்டாப் வந்ததும் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் காலை அவள் எழுதிய வரி இது: 'ஏழாம் குடியிருப்பு மருத்துவ நிலையம், பொதுமக்களின் போதிய வருகையின்மையால் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.' படித்துப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. தங்கைக்குப் போன் போட்டு, "இந்தப் பட்டியல்ல இல்லடி, அடுத்ததுல கண்டிப்பா வந்துடும். நான் வழி பண்ணியிருக்கேன்" என்றாள். "நீ சொன்னா சரிக்கா" என்றாள் தங்கை. வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அறிக்கை சபைக்குப் போயிற்று. சாதாரணமாக அதை யாரும் படிப்பதில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு வரியை, ஒருவர் படித்துவிட்டார். சேவைகளை ஆராயும் குழுவில் இருந்த உறுப்பினர் அவர். அரசுப் பணம் வீணாகிறதே என்று அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "மக்களே எட்டிப் பார்க்காத இடங்களில் எதற்காக நிலையம்? வேண்டும் என்கிறவர்களுக்குக் கொடுங்கள்" என்று பேசினார். குழு அவர் சொன்னதை ஏற்றுப் பரிந்துரை எழுதியது. வருகையின்மையால் மூடப்பட்ட இடங்களை ஐந்து வருஷத்துக்கு எந்தப் பட்டியலிலும் சேர்க்க வேண்டாம். பரிந்துரையின் நகல் ஏணியம்மாவின் மேசைக்கு வந்தது, 'கோப்பில் சேர்க்கவும்' என்ற குறிப்போடு. அவள் அதைக் கோப்பில் சேர்த்தாள். தங்கைக்கு மட்டும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. குடியிருப்புக்காரர்கள் இருநூறு பேர் கையெழுத்துப் போட்டுத் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு மனு கொடுத்திருந்தார்கள். கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியது தங்கைதான். ஏணியம்மாவுக்கு இன்னும் ஒரு மாத வேலை பாக்கியிருந்தபோது மனுவுக்குப் பதில் வந்தது. தங்கை போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். அக்கா என்று சொல்லவில்லை.

ஏழாம் குடியிருப்பில் எதைத் தொட்டாலும் கையில் சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டும். தங்கை பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கட்டிலில் அவள் புருஷன் மூன்று தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். பேச வாயெடுத்தவர், கையை மட்டும் ஆட்டி வரவேற்றார். தங்கை பாலிதீன் கவரிலிருந்து ஒரு கடிதத்தை உருவி, எழுத்துக் கூட்டாமல் தெளிவாகப் படித்தாள்.

"'தங்கள் பகுதியில் இயங்கி வந்த மருத்துவ நிலையம், பொதுமக்களின் போதிய வருகையின்மையால் மூடப்பட்டதாக ஆணையகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது.'" கடிதத்தை மடித்தாள். "எங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லையாம். இருமிக்கிட்டு கிடக்கறது எங்களுக்குப் பிடிச்சிருக்காம். போன மழையில எதிர்வீட்டுக்காரர் செத்தாரே, அவருக்கும் போக சோம்பலாம். அந்தப் புத்தகம் நீ எழுதறதுதானே?"

"ஆமா."

"இந்த வரியை எழுதினது யாரு?"

இயக்குநர் சொன்னார் என்று சொல்லலாம். களத்திலிருந்து அப்படி வந்தது என்று சொல்லலாம். அவளிடம் சொற்களுக்கா பஞ்சம்? ஆனால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, அந்த மூச்சுச் சத்தத்துக்குப் பக்கத்தில், ஒன்றும் எடுபடாது என்று தெரிந்துபோயிற்று.

"நான்தான்டி," என்றாள். அட்டையில் எழுதிய ஐந்து வரியிலிருந்து மடித்து வைத்த வெள்ளைத்தாள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அழுதாள். தங்கை அழவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

கட்டில் முனகியது. தங்கையின் புருஷன் காலைக் கீழே ஊன்றி எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் போடவே நடுவில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. தலையைச் சீவிக்கொண்டார். எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்க எங்க கிளம்பறீங்க?" என்றாள் தங்கை.

"ஆஸ்பத்திரிக்கு," என்றார் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை மிச்சம் பிடித்துத்தான் பேச வேண்டியிருந்தது. "நான் போகலைன்னுதானே மூடிட்டாங்க. இன்னைக்குப் போறேன். அண்ணி, வாங்க... நீங்கதான் வழி சொல்லணும்."

மூன்று பேரும் வெளியே இறங்கினார்கள். வீட்டிலிருந்து அந்தப் பொட்டல் முந்நூறு அடி இருக்கும். போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. தங்கை குடையை விரித்து அவருக்குப் பிடித்தாள்; பக்கத்திலேயே நடந்த அக்காவின் பக்கம் அதைக் கொஞ்சமும் சாய்க்கவில்லை. பொட்டலில் முள்ளும் உடைந்த பாட்டிலும் கிடந்தன. எல்லைக்கல்லின் மேல் வெள்ளையடித்தது மங்கி, நம்பர் மட்டும் தெரிந்தது. அவர் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் மூச்சு வாங்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனாலும் சிரித்தார்.

"எழுதிக்குங்க அண்ணி," என்றார். "ஒருத்தன் வந்தான். டாக்டர் இல்ல. திரும்பிப் போயிட்டான்."

அவள் கைப்பையைத் திறந்து வெள்ளைத்தாளை எடுத்தாள். அங்கேயே, முள்ளுக்கு நடுவில் மண்டியிட்டு, பையைப் பலகையாக வைத்து எழுதினாள். நிலையம் கட்டப்படவே இல்லை, எழுதியது நான், இதுபோல் இன்னும் பல. கீழே தன் பெயரை முழுதாகப் போட்டாள். மறுநாள் இயக்குநரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு எழுந்து நின்றார், "யோசிச்சுத்தான் குடுக்கறீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மாதக் கடைசியில் அவளை மாலை போட்டு வழியனுப்பினார்கள். விசாரணை வரவில்லை. அலமாரியை யாரும் திறக்கவில்லை. எந்த அவமானத்துக்குப் பயந்து ஏழு மாதத்துக்கு முன்பு வாயை மூடிக்கொண்டாளோ, அந்த அவமானம் வாசல்வரை கூட வரவில்லை. வராமல் போனதுதான் அவளை அறுத்தது.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஏழாம் குடியிருப்புக்குப் போய் வந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் பஸ்ஸில் ஒரு பக்கம் தங்கையும் ஒரு பக்கம் இவளுமாக அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போவார்கள். தங்கை அவளோடு நேரே பேசுவதில்லை. "உங்க அண்ணியைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று புருஷனிடம் சொல்வாள். சொல்ல அவருக்கு மூச்சு இருந்தால் சொல்வார்.

ஐந்தாம் மாதம் ஆணையகத்திலிருந்து ஒரு உறை வந்தது. அவள் அதைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அங்கே பிரித்தாள். புதிதாக வந்திருக்கிற பெண் தட்டச்சு செய்திருப்பாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

"என்ன போட்டிருக்காங்க, அண்ணி?" என்றார் அவர். அடுப்பருகே தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது.

"தங்கள் கடிதம் அரசின் பரிசீலனையில் உள்ளது," என்று படித்தாள்.

அந்த அட்டையின் கதை அவருக்கு மனப்பாடம். "அது முதல் படியில்ல? இன்னும் எத்தனை இருக்கு?"

"நாலு, தம்பி."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, தங்கை ஓடி வந்து முதுகைத் தடவிவிட்டு, அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் தலையணையில் சாய்ந்து, கடிதத்தை வாங்கித் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"அவ்வளவு படி ஏற எனக்கு மூச்சு ஏது, அண்ணி?" என்றார்.